சூடு ஆறும்வரை

"இன்னும் ஒரு ஜாண் வேணும்!" என்று மழையில் நின்றபடி நைரி கத்தினாள். "எப்படித் திருப்பினாலும் போகாது. நிறுத்து."

ரேவின் எஞ்சினை அணைத்தாள். மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் கார் கொட்டகைக்குள் நுழைந்திருந்தது. இடப்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்த சைட்காரின் மூக்கு மட்டும் கதவுத் தூணில் முட்டிக்கொண்டு நின்றது. அதற்குள், மார்புவரை பட்டன் போட்டு மூடிய தார்ப்பாயும், பழைய ஹெல்மெட்டும், பெரிய கண்ணாடியுமாக அவள் கணவன் நெவில் உட்கார்ந்திருந்தான். கையுறையின் பின்பக்கத்தால் கண்ணாடியில் விழுந்த மழைத்துளிகளைத் துடைத்துவிட்டுத் தூணை நிதானமாகப் பார்த்தான்.

"டிரைவர், போன்ல என்னன்னு சொன்ன?"

"மோட்டார் சைக்கிள் ஒண்ணு வருது, நனையாம நிறுத்த இடம் வேணும்னு சொன்னேன். எப்பவும் சொல்றதுதானே."

"எத்தனை சக்கரம்னு சொன்னியா?"

சொல்லவில்லை. ஒவ்வொரு வருஷமும் இலையுதிர் காலத்தில் இந்த ஆட்டுப் பண்ணைக் குடிலுக்கு வருமுன் சொல்கிற அதே வார்த்தைகளைச் சொல்லிவிட்டு அவள் போனை வைத்திருந்தாள். சைட்கார் வந்தது போன வசந்தத்தில்தான். நெவிலின் இதயம் பாதி வேலையை நிறுத்திவிட்டது, கைப்பிடியைப் பிடிக்க அவனுக்கு வலு இல்லை என்று தெரிந்தபோது, கல்யாணமான நாளிலிருந்து அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊர் சுற்றியவள் தலை நரைத்தபிறகு லைசென்ஸ் எடுத்தாள். பின்னால் இருந்தவள் முன்னால் வந்தாள். முன்னால் இருந்தவன் பெட்டிக்குள் போனான். அன்றிலிருந்து அவள் பெயர் டிரைவர்.

சைட்கார் வண்டிக்கு ரிவர்ஸ் கிடையாது. இரண்டு பெண்களும் சேற்றில் காலை ஊன்றி, வண்டியையும் அதிலிருந்த ஆளையும் சேர்த்துப் பின்னுக்குத் தள்ளினார்கள். நைரி ரேவினின் வயதுக்காரி. புருஷன் போனபிறகு இத்தனை ஆடுகளையும் ஒரு நாயையும் இந்தக் குடிலையும் தனியாகவே கட்டி மேய்ப்பவள். அவளுக்கே மூச்சு வாங்கியது.

"யோவ் நெவில், நீ முதல்ல இறங்கு. உள்ள அடுப்பு மூட்டி வச்சிருக்கேன். போய் உட்காரு. வண்டி எங்கயும் ஓடிடாது."

"வண்டி உள்ள போகட்டும். நான் ஒரு தடவைதான் இறங்குவேன்."

"மேல தார்ப்பாயைப் போட்டுட்டா போச்சு."

"இந்தக் காத்துக்கா? தார்ப்பாய் கடலுக்குப் போயிடும். வண்டி நனைஞ்சா காலைல கிளம்பாது. கிளம்பலைன்னா உன் வீட்டுலயேதான் இருப்பேன், பரவாயில்லையா?"

"ஐயோ சாமி, வேண்டாம்," என்றாள் நைரி.

ஒரு தடவைதான் இறங்குவேன் என்று அவன் சொன்னது வீம்புக்கு இல்லை. காலையில் டனீடினில் வீட்டு வாசலில் அவனைச் சைட்காரில் ஏற்ற ரேவினும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து அத்தனை பாடுபட்டார்கள். இறங்கிவிட்டால் மறுபடி ஏற முடியாது. போகவேண்டிய இடம் ஏதாவது இருந்தால் இப்போதே போய்வந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகன் ஆக்லாந்துக்குக் கூப்பிட்டான், விமான டிக்கெட் போடுகிறேன் என்றான். நெவில் கேட்டது இதைத்தான். இந்தக் குடிலில் அடுப்புப் பக்கத்தில் உட்காரவேண்டும். தகரக் கூரைமேல் மழை பெய்யவேண்டும். வண்டி நனையாமல் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு ஒரு டீ குடிக்கவேண்டும். "அந்த டீதான் டீ. மத்ததெல்லாம் வெந்நீர்" என்பான். முதலில் வண்டி, அப்புறம்தான் டீ. கல்யாணமான புதிதில் ஒரு புயல் ராத்திரி டெண்டுக்குள் பாதி இடத்தை வண்டிக்குக் கொடுத்துவிட்டு, அவளைக் கால் வெளியே நீட்டிப் படுக்க வைத்தவன் அவன். அதை இன்னும் அவள் மன்னித்ததாகச் சொல்ல முடியாது.

அடுத்தது வைக்கோல் கொட்டகை. அகலமான வாசல், காய்ந்த தரை, காற்றுப் படாத மூலை. ரேவின் வண்டியை நேராக விடப் போனபோது நைரி குறுக்கே வந்து இரண்டு கைகளையும் விரித்தாள்.

"இங்க மட்டும் முடியாது. சைலன்சர் பைப்பைப் பாரு, மழைத்துளி விழுந்தா ஆவியாகுது. என் தம்பி இப்படித்தான் அவன் நாலுசக்கர பைக்கைக் கொண்டுவந்து வைக்கோல் ஓரமா நிறுத்திட்டு டீ குடிக்கப் போனான். திரும்பி வரும்போது கொட்டகையே இல்ல."

"கொஞ்ச நேரம் வெளிய நின்னா ஆறிடாதா?"

"வெறுங்கையை வச்சா தாங்கணும். அதுவரைக்கும் என் வைக்கோல் பக்கம் எந்த வண்டியும் வராது. நீ கோவிச்சுக்கிட்டாலும் சரி."

"அவ சொல்றது சரிதான்," என்றான் நெவில். குரல் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து வருவதுபோல் இருந்தது.

வெளியில் நின்று ஆறுவது என்றால் அவனும் அவ்வளவு நேரம் மழையில் இருக்கவேண்டும். ரேவின் அதைச் சொல்லவில்லை. அவளுடைய பூட்ஸுக்குள் தண்ணீர் போயிருந்தது, மணிக்கட்டு இரண்டும் வீங்கியதுபோல் வலித்தன, வழியில் மில்டனில் நிறுத்தி ஒரு சீஸ் ரோலைப் பாதிப்பாதியாகத் தின்றதோடு சரி. எல்லாவற்றையும் இங்கேயே போட்டுவிட்டுச் சேற்றில் உட்கார்ந்துவிட வேண்டும்போல் இருந்தது.

நைரி மேட்டின்மேல் இருந்த கம்பளிக் கொட்டகையைப் பார்த்தாள். பிறகு நெவிலைப் பார்த்தாள். மறுபடி கொட்டகையைப் பார்த்தாள்.

"அங்க ஆடு நிக்குதே," என்றாள் ரேவின்.

"நிக்குதுதான். நாளைக்குக் கத்தரிக்க ஆள் வராங்க. நனைஞ்ச ஆட்டை ஒருத்தனும் தொடமாட்டான், அதான் மழைக்கு முன்னாலயே எல்லாத்தையும் உள்ள அடைச்சேன். கம்பளியை லாரியில ஏத்துற இடத்துல ஒரு முப்பது நிக்கும். வெளிய விரட்டறேன்."

"வேண்டாம் நைரி. நாளைக்கு உன்னைத் திட்டுவாங்க."

"திட்டட்டும். ஆனா ஒண்ணு. அது பலகைத் தரை, ஆட்டெண்ணெய் ஊறிக் கிடக்கு, அடியில முழுக்கக் காஞ்ச புழுக்கை. பைப் சூடு ஆறுற வரைக்கும் யாராவது பக்கத்துல உட்காரணும். ஆறினப்புறம்தான் கதவைச் சாத்துவேன்."

நாயைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அவள் தன் நாலுசக்கர பைக்கில் முன்னால் போனாள். ரேவின் எஞ்சினைக் கிளப்பினாள். மேட்டுப் பாதை முழுக்கக் கல்லும் வழுக்கலும்.

"ரெண்டாவது கியர்லயே போ," என்றான் நெவில். "வலது ஓரமா. அந்தக் கல்லு மேல ஏத்தாதே. க்ளச்சை அரை..."

"நெவ், வாயை மூடிக்கிட்டு சும்மா வர்றியா? எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. உன் வண்டிக்கு இடம் தேடித் தேடியே என் ஆயுசு போச்சு."

அவன் வாயை மூடிக்கொண்டான். மேடு ஏற ஏற எஞ்சின் சத்தம் கூடியது, அதற்கு மேல் பேசவும் முடியாது. ஓடும்போது அவர்களுக்குப் பேச்சே தட்டுதான். அவள் பின்னால் உட்கார்ந்த காலத்தில் அவன் தோளில் தட்டுவாள். இப்போது அவன் சைட்காரிலிருந்து கை நீட்டி அவள் முழங்காலில் தட்டுவான். ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு தட்டு என்றால் நிறுத்து. அதற்கு மேல் அவர்களுக்குத் தேவைப்பட்டதில்லை.

கொட்டகை வாசலில் நின்று காத்திருக்க வேண்டியிருந்தது. உள்ளே நைரி கத்தினாள், நாய் குரைத்தது. நனையாத ஆடுகள் ஒவ்வொன்றாக மழையை எட்டிப் பார்த்துப் பின்வாங்கி, பிறகு மொத்தமாகப் பாய்ந்து, வண்டியின் இரு பக்கமும் உரசிக்கொண்டு இறங்கின. வேறு நாளாக இருந்தால் நெவில் ஒவ்வொன்றிடமும் மன்னிப்புக் கேட்டிருப்பான். ரேவின் அவன் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அழுதுவிடுவாள், அல்லது இன்னும் கொஞ்சம் திட்டிவிடுவாள். இரண்டுக்குமே தெம்பு இல்லை.

நைரி உள்ளிருந்து கையசைத்தாள். ரேவின் மெல்ல விட்டாள். முன்சக்கரம் வாசல் பலகையில் ஏறியது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கி உள்ளே போனது. அந்த நேரத்தில்தான் இடது முழங்காலில் பட்டது, ஒரு தட்டு. அவளுக்கு மனசு இளகிவிட்டது.

எஞ்சினை அணைத்ததும் மழை தகரத்தில் கொட்டுகிற சத்தம் மட்டும் மிஞ்சியது. தடுப்புக்கு அந்தப் பக்கம் மற்ற ஆடுகள் மூச்சுவிட்டுக்கொண்டு நின்றன.

"அடுப்புல தண்ணி வச்சிட்டு வரேன்," என்று நைரி ஓடினாள். "நான் வந்ததும் ரெண்டு பேருமா இறக்கலாம்."

"திருப்தியா கிழவா?" என்றாள் ரேவின். ஹெல்மெட்டைக் கழற்றிக் கம்பளி மூட்டையின்மேல் வைத்தாள். "உனக்காக முப்பது ஆடு வெளிய நனையுது. நாளைக்கு நீதான் துவட்டி விடணும்."

பதில் இல்லை. கோபித்துக்கொண்டால் அவன் நாள் கணக்கில் பேசாமல் இருக்கக்கூடியவன். தட்டியது தட்டியதுதான், கோபம் கோபம்தான்.

வழக்கம்போல் சீட்டுக்கு அடியிலிருந்து துணியை எடுத்துப் பெட்ரோல் டேங்கைத் துடைத்தாள். கைப்பிடியை, விளக்கை, அளவுமானியின் கண்ணாடியைத் துடைத்தாள். "சரி, கத்தினது தப்புத்தான். ஆனா நீயும் சும்மா வரணுமில்ல? பின்னாடி உட்கார்ந்து நான் என்னிக்காவது உனக்கு க்ளச் சொல்லிக் கொடுத்தேனா?" என்று பேசிக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தாள். சைட்காரின் முன்கண்ணாடியைத் துடைத்து நிமிர்ந்தபோது, அவன் கண்ணாடியைப் பார்த்தாள்.

மழைத்துளிகள் அதன்மேல் அப்படியே நின்றன. ஒன்றுகூடத் துடைக்கப்படவில்லை.

அவள் தார்ப்பாயின் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அவசரப்படவில்லை. அவன் கை சைட்காரின் விளிம்பில், அவள் முழங்கால் இருந்த பக்கமாகக் கிடந்தது. கையுறையை உருவி விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். கண்கள் பாதி திறந்து கூரையைப் பார்ப்பதுபோல் இருந்தன. அவற்றை மூடினாள். பிறகு என்ன செய்வது என்று தெரியாமல், கையிலிருந்த துணியால் அந்தக் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். மணிக்கட்டு வலிக்கிறது என்று சொல்லவும் திட்டவும் இனி ஆள் இல்லை என்பதுதான் முதலில் உறைத்தது.

நைரி பிளாஸ்க்கோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். யாரும் அவளிடம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எப்போ?" என்று கேட்டாள்.

"தெரியலை. மேட்டுல வரும்போது நான் திட்டினேன். அதுக்கப்புறம் பேசலை." ரேவின் துணியை மடித்தாள். "ஆனா உள்ள வரும்போது தட்டினான். முழங்கால்ல. ஒரு தட்டு."

"ஒரு தட்டுன்னா?"

"சரின்னு அர்த்தம்."

நைரி வாசல் பலகையை ஒருமுறை பார்த்தாள். ஒரு முனை தரையிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தது. ஏறுகிற எந்த வண்டியையும் அது குலுக்கும்.

"அப்போ சரி," என்றாள்.

பிளாஸ்க்கை வைத்துவிட்டு அவள் போன் பண்ண வீட்டுக்குப் போனாள். ரேவின் ஒரு கம்பளி மூட்டையை இழுத்துச் சைட்காரின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். ஒரு கையில் அவன் கை. மகனிடம் எப்படிச் சொல்வது, டிக்கெட் போடுகிறேன் என்றானே என்று யோசித்தாள். யோசனை ஓடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, வண்டியைச் சுற்றிப்போய், நைரி சொன்னபடி வெறுங்கையைப் பைப்பின்மேல் வைத்துப் பார்த்தாள். முதலில் லேசான வெதுவெதுப்பு இருந்தது. திரும்பிவந்து உட்கார்ந்தாள். இன்னொரு முறை எழுந்துபோய் வைத்தபோது அது வெறும் ஈர இரும்பாக இருந்தது. அவன் கையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. அவள் பிடித்துக்கொண்டே இருந்த உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. அது அவளுடைய சூடாகவும் இருக்கலாம்.

நைரி திரும்பி வந்தபோது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது.

"ஆம்புலன்ஸ் பால்க்ளூதாவுலேருந்து வரணும். தாழ்வா இருக்கே அந்தப் பாலம், அது மேல தண்ணி போகுதாம், சுத்திக்கிட்டுத்தான் வருவாங்க. நேரமாகும். பக்கத்துப் பண்ணை ஆளைக் கூப்பிட்டிருக்கேன். மூணு பேருமா அவனைத் தூக்கி உள்ள அடுப்புக்கிட்ட கொண்டுபோயிடலாம், ரேவின். உனக்கும் உடம்பெல்லாம் ஈரம்." தடுப்புப் பக்கம் தலையை ஆட்டினாள். "சூடு ஆறியிருந்தா கதவையும் சாத்திடலாம். மிச்ச ஆட்டுக்குச் சாரல் அடிக்குது."

ரேவின் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பைப் இன்னும் சுடுது," என்றாள்.

நைரி வண்டியின் அந்தப் பக்கம் போனாள். மழைக்கோட்டின் கையைச் சுருட்டிவிட்டுக் குனிந்தாள். உள்ளங்கை முழுவதையும் பைப்பின்மேல் வைத்தாள். வைத்தது வைத்தபடி வெகுநேரம் இருந்தாள். பிறகு கையை எடுத்து, சுட்டுக்கொண்டவள்போல் கால்சட்டையில் தேய்த்தாள்.

"ஆமா," என்றாள். "நல்லாவே சுடுது. இன்னும் நேரமாகும்."

இன்னொரு கம்பளி மூட்டையை இழுத்துப் போட்டு அவளும் உட்கார்ந்தாள். பிளாஸ்க்கின் மூடியில் டீயை ஊற்றி நீட்டினாள். ரேவின் ஒரு கையால் அதை வாங்கிக்கொண்டாள். இன்னொரு கையை எடுக்கவில்லை.

திறந்த கதவுக்கு வெளியே நனைந்த ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. தகரக் கூரைமேல் மழை கொட்டியது. அவள் தலையைத் தூக்கிக் கூரையை ஓரம் ஓரமாகப் பார்த்தாள். எங்கேயும் ஒழுகவில்லை. வண்டியின்மேல் ஒரு சொட்டுகூட விழவில்லை. அப்புறம் டீயைக் குடித்தாள்.