ஆள்காட்டி விரல்

பட்டாணி அளவு பற்பசை போதும் என்று சொல்லிக்கொண்டே அங்கன்வாடி வரிசையில் கடைசியாக நின்ற பிள்ளையின் பிரஷ்ஷில் பிதுக்கியபோது குந்தலாவின் கை நடுங்கியது. மேற்பார்வை மேடம் வருவதாக இருந்ததால் விடிந்ததிலிருந்து அவள் குடாக்கைத் தொடவில்லை. புகையிலையும் வெல்லப்பாகும் குழைத்த அந்தக் கறுப்புப் பசையை ஈறில் தேய்த்துக்கொண்டு சுவரோரம் குந்தினால்தான் அவளுக்குப் பொழுதே விடியும். கல்யாணமாகி பலாங்கீர் பக்கம் இந்த ஊருக்கு வந்த வருஷம், பல்வலிக்கென்று மாமியார் கொடுத்தது. பல்வலி போய்விட்டது. இப்போது நாளைக்கு எட்டுத் தடவை. அங்கன்வாடியில் பிள்ளைகள் கண்ணயர்ந்ததும் கொல்லைப்பக்கம் போய் வருவாள். மூன்று முறை விட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் வயிறு கட்டி, தலை வெடித்து, கையில் கிடைத்ததையெல்லாம் விட்டெறிந்தாள். கடைசியில் புருஷனே போய் டப்பா வாங்கி வந்து கொடுத்தான்.

"முன்பல்லு, கடவாப்பல்லு, உள்பக்கம். சின்னச் சின்னதா வட்டம் போடணும். முழுங்காதீங்கடா, துப்பணும்!"

நாற்காலியில் உட்கார்ந்திருந்த மேடத்துக்குத் திருப்தி. "வீட்ல எப்படிப் பல்லு விளக்குவீங்க? யாரு செஞ்சு காட்டறது?" என்றார்.

ஜுமுரி எழுந்தாள். குந்தலாவின் மகள், நாலரை வயது. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் குந்தி, ஆள்காட்டி விரலைக் கீழுதட்டுக்குள் விட்டு மெதுவாகத் தேய்த்தாள். கண்கள் தாமாகச் செருகின. பிள்ளைகள் கெக்கலித்தன. மேடத்துக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

"அடியே, கிழவி மாதிரில்ல பண்றா! யாரு வீட்டுப் பொண்ணு இது?"

சமையல்கார ரம்பா குந்தலாவைப் பார்த்தாள். குந்தலா குனிந்து பிரஷ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பக்கத்துத் தெரு, மேடம்" என்றாள், தலை தூக்காமலே.

ஜுமுரி வாயில் விரலோடு நிமிர்ந்து பார்த்தாள்.

மேடத்தின் ஸ்கூட்டி போனதும் குந்தலா மகளைக் கொல்லைக்கு இழுத்துப் போய் அந்த விரலை முகர்ந்தாள். அடித்தது பற்பசை வாசனை இல்லை.

"எத்தனை நாளாடி?"

"நீ குளிக்கப் போறப்ப. கொஞ்சூண்டுதாம்மா."

"தலை சுத்தலையா ஒனக்கு?"

"மொதல்ல சுத்துச்சு. இப்பல்லாம் சுத்தறதில்ல."

குந்தலா இடுப்பிலிருந்த டப்பாவை எடுத்துச் சாக்கடையில் எறிந்தாள்.

மத்தியானம் அங்கன்வாடியைப் பூட்டிவிட்டு இருவரும் நடந்தார்கள். குந்தலாவுக்கு நாக்கு வறண்டு, ஈறு முழுக்க எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. முதுகில் வேர்வை குளிர்ந்தது.

"நான் பக்கத்துத் தெருவாம்மா?" என்று கேட்டாள் ஜுமுரி. குந்தலா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடையை எட்டிப் போட்டாள்.

தெருமுனைக் கடையைத் தாண்டாமல் வீட்டுக்குப் போக வேறு வழி கிடையாது. கடைக்காரன் தனேஸ்வர் குந்தலாவைப் பார்த்ததும், அவள் கேட்காமலேயே, தினமும் செய்வதுபோல் ஒரு குடாக்கு டப்பாவை எடுத்துப் பலகைமேல் வைத்தான்.

"என்ன தீதி, இன்னிக்கு லேட்டு?"

குந்தலா நின்றாள். டப்பாவின் தகரமூடி வெயிலில் கண்ணைக் கூச வைத்தது.

"கை வலிக்குதும்மா. விடு" என்றாள் ஜுமுரி.

குந்தலா அந்தக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.