யாகெனின் ஷவல்

1.

இந்தக் கதை என் பஸ்ஸில், பின்னால் உட்கார்ந்தவர்களைப் பார்க்கும் கண்ணாடியில் கிடைத்தது. பத்தொன்பது வருடமாக இந்தப் பனிமலைப் பள்ளத்தாக்கின் கடைசி நிறுத்தம் வரை மஞ்சள் பஸ் ஓட்டுகிறேன்; ஒட்டுக்கேட்பதையும் தொழிலோடு சேர்த்துக் கற்றுக்கொண்டேன். போன பிப்ரவரியில் ஒருத்தி பனி தோண்டும் ஷவலோடு ஏறி, அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தலையும் பிடியும் பொருத்தியே இருந்தன. யாரும் அப்படிக் கொண்டுவர மாட்டார்கள். இரண்டு துண்டாகக் கழற்றிப் பைக்குள் வைப்பார்கள். பனியில் புதைந்த ஆளைத் தோண்டி எடுக்கும்போதுதான் பொருத்துவார்கள்.

எனக்கு அங்கேயே சந்தேகம் தட்டிவிட்டது.

2.

நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: "வெள்ளைப் போர்வை போர்த்திய மலைகள்…" வேண்டாம். பனியைப் போர்வை என்பவனை இந்த ஊரில் மலைக்குக் கூட்டிப்போக மாட்டார்கள்.

இரண்டாவது: அவள் பெயர் செரைனா. அவள் கணவன் யாகென் முந்தின குளிர்காலத்தில் பனிச்சரிவில் புதைந்து இறந்தான். கூடப் போன குர்தின் பிழைத்தான்.

இது போதும்.

3.

மலையேறுகிற ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு கருவி இருக்கும். 'அனுப்பு' நிலையில் இருந்தால், புதைந்த இடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். 'தேடு' நிலையில் மற்றவர் கருவியைக் கேட்கும், தன் இடத்தைச் சொல்லாது. புறப்படும்முன் தலைவன் மட்டும் தன்னுடையதைத் 'தேடு' நிலைக்கு மாற்றி, மற்றவர்களை ஒவ்வொருவராகத் தன்னைக் கடந்து நடக்கச் சொல்வான். எல்லோருடையதும் கேட்டபின் அவன் மறக்காமல் 'அனுப்பு'க்குத் திரும்ப வேண்டும்.*

யாகெனைத் தோண்டி எடுத்தபோது அவன் கருவி 'தேடு'வில் இருந்தது. "அன்னைக்கு அவன்தான் சோதிச்சான். திருப்பி மாத்த மறந்துட்டான்" என்றான் குர்தின். ஊர் நம்பிவிட்டது. பள்ளியில் ஒருத்தி செரைனாவின் மகளிடம், "உங்கப்பா மறதியாலதானே செத்தாரு?" என்று கேட்டிருக்கிறாள்.

செரைனா நம்பவில்லை. மறந்தவன் சரி, அவன் ஷவலைப் பொருத்தியது யார்?

(என்னையும் சந்தேகப்படுங்கள். குர்தின் என் பஸ்ஸில் எதிர் இருக்கைமேல் காலை நீட்டி உட்காருவான். எனக்கு அவனைப் பிடிக்காது.)

* புதிய கருவிகள், ஆள் அசையாமல் கிடந்தால் தாமாகவே 'அனுப்பு'க்கு மாறிக்கொள்ளுமாம். யாகெனுடையது பழசு. இதை எனக்குச் சொன்னதே குர்தின்தான். ஏன் சொன்னான்?

4.

வீட்டில் கேட்டால் காபியைக் குடித்துவிட்டு நழுவிவிடுவான் என்று, குர்தினை யாகென் புதைந்த அதே பாதைக்குக் கூப்பிட்டிருந்தாள் செரைனா. இருவரும் கடைசி நிறுத்தத்தில் இறங்கினார்கள். பஸ் திரும்பிக் கிளம்பப் பதினோரு நிமிடம் இருந்தது. கதவைத் திறந்தே வைத்தேன்.

குர்தின் தன் கருவியைத் 'தேடு'வுக்கு மாற்றினான். அவள் கடந்து நடந்தாள். பீப்.

"கேக்குது. வா."

"அன்னைக்குச் சரிவுல முதல்ல இறங்கினது யாரு?"

"எத்தனை தடவை சொல்றது? யாகென். நான் மேல நின்னேன்."

"அப்ப இதைப் பொருத்தினது?" ஷவலை நீட்டினாள். "அவர் கையில இப்படியே இருந்துச்சுன்னு மீட்புக்காரங்க குடுத்தாங்க."

அவன் ஷவலையே பார்த்தான்.

"முதல்ல புதைஞ்சது நீ. உன்னைத் தேடத்தான் அவர் கருவியை மாத்தினார். உன்னைத் தோண்டிட்டு இருந்தப்ப மேல மிச்சம் இருந்த பனியும் வந்துடுச்சு. அப்படித்தானே?"

"வெயில் ஏறினா சரிவு இளகிடும், செரைனா. கிளம்பலாம்."

"என் பொண்ணுகிட்ட சொல்ல ஒரு வார்த்தை வேணும், குர்தின்."

5.

முடிவு ஒன்று: குர்தின் மண்டியிட்டு அழுது… கோடு போட்டு அடித்துவிட்டேன். ஒரு வருடம் பொய்யைக் கட்டிக் காத்தவன் பதினோரு நிமிடத்தில் உடைய மாட்டான்.

முடிவு இரண்டு: குர்தின் சொன்னது உண்மை. மீட்புக்காரர்களில் ஒருவர் அவசரத்தில் யாகெனின் ஷவலையே பொருத்தித் தோண்டினார். கையில் இருந்தது என்றது பிற்பாடு ஒட்டிக்கொண்ட பேச்சு. இதை அடிக்க மூன்று முறை பேனா எடுத்தேன். முடியவில்லை. அதுதான் என்னை அரிக்கிறது.

நான் பார்த்தது இவ்வளவுதான். குர்தின் பனிச்சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டு முன்னே நடந்தான். அவன் கை நெஞ்சுப் பக்கம் போகவே இல்லை. கருவி 'தேடு'விலேயே இருந்தது. மறந்துவிட்டான், மனிதர்கள் மறக்கத்தான் செய்கிறார்கள். செரைனாவும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். அவள் வாய் திறந்தது.

நானும் கத்தியிருக்கலாம். நேரமாகிவிட்டது என்று கதவை மூடினேன்.

அவள் அவனைக் கூப்பிட்டாளா? நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை எனக்குக் காட்ட வேண்டாம். அப்புறம் உங்களையும் கண்ணாடியில் பார்க்கத் தொடங்கிவிடுவேன்.