ஸ்டோர் ரூம் கச்சேரி

நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. அலமு ஸ்டோர் ரூம் கதவைத் திறந்து, அரிசி மூட்டையைக் காலால் ஓரமாகத் தள்ளி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டாள். மைக்செட்காரர் நீட்டிய ஒயரைக் கதவுக்கு அடியில் நுழைத்தாள். பிறகு வயலினோடு நின்ற கார்முகிலைப் பார்த்து, "இங்க உக்காந்து வாசி. கதவு சாத்தியே இருக்கட்டும். நானா வந்து கூப்புடற வரைக்கும் வெளிய வராத" என்றாள்.

கார்முகில் ஏன் என்று கேட்கவில்லை. மண்ணூருக்கு வந்த எட்டு மாதத்தில் அதற்கான பதிலை அவள் பலர் வாயால் கேட்டுவிட்டாள்.

அவளுக்குப் பத்தொன்பது வயது. பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவள். அப்பா பகலவன் ஒரு மெல்லிசைக் குழுவில் வயலின் வாசித்தவர். மகளுக்கு ஐந்து வயதிலேயே வில்லைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். மறைமலை நகரில் ஒரு கல்யாணக் கச்சேரி முடிந்து, மனைவியோடு பைக்கில் திரும்பியவரை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு டிரெய்லர் லாரி இடித்தது. இரண்டு பேரும் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். லாரி ஓட்டியவன் தூங்கிவிட்டான் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. மண்ணூர்த் தெரு வேறு மாதிரி எழுதிக்கொண்டது. பெற்றவர்களை ஒரே நாளில் விழுங்கிய பெண் என்று.

இசைக் கல்லூரிப் படிப்பு கடைசி வருஷத்தில் நின்றுபோனது. தாய்மாமன் இளங்கோவன்தான் அவளைக் கூட்டிவந்து தன் வீட்டில் வைத்துக்கொண்டார். ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் அவர் சூப்பர்வைசர். அங்கே ஒரு மெஷின் நின்றால் காரணம் தெரியாமல் சாப்பிடப் போகமாட்டார். வீட்டில் மனைவி அலமு சொல்லும் தோஷங்களுக்கு மட்டும் அவர் காரணம் கேட்டதே இல்லை.

ஊருக்குக் கார்முகில் பழகத்தான் செய்தாள். ஷிப்ட் பஸ்கள் போவதை வைத்து மணி சொல்லப் பழகினாள். வீட்டில் வயலினை எடுத்தால் இழவு வீடு மாதிரி இருக்கிறது என்று அத்தை சொன்னதால், மத்தியானத்தில் ஏரிக்கரைக்குப் போய், கம்பெனி காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாசிக்கப் பழகினாள். தெருவில் யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் பின்கட்டுக்குப் போய்விடப் பழகினாள். எதிர்வீட்டுப் பெண் பைக்கை எடுக்கும்போது இவள் வாசலில் நின்றுவிட்டால் போதும், அவள் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வருவாள். கம்பெனியில் ஆறு ரோபோக்களை இயக்குகிறவள் அந்தப் பெண்.

தேவிப்பிரியாவுக்கு வரன் அமைந்தபோதுதான் வயலினுக்கு ஒரு வேலை வந்தது. தேவி இளங்கோவனின் ஒரே மகள். மாப்பிள்ளை வசந்துக்கு ஒரகடத்தில் இன்ஜினியர் வேலை. தன் வீட்டில் வயலின் வாசிக்கிற பெண் இருக்கிறாள் என்று தேவி போனில் பெருமையடித்துவிட்டாள். இப்போதெல்லாம் பெரிய நிச்சயதார்த்தங்களில் வயலின்தான் வைக்கிறார்கள், நம் வீட்டிலும் இருந்தால் நன்றாக இருக்கும் என்று வசந்த் சொல்லி அனுப்பினான். மாப்பிள்ளை வீட்டார் கேட்டதை மறுக்க முடியாது. தாய் தகப்பன் இல்லாதவளை மங்கல காரியத்தில் முன்னால் நிறுத்தவும் முடியாது. இரண்டு நாள் யோசித்து அலமு கண்டுபிடித்ததுதான் இந்த ஸ்டோர் ரூம். வாசிப்பது யார் என்று கேட்டால், கூட்டத்தைக் கண்டால் கூச்சப்படுகிற பெண் என்று சொல்லிக்கொள்ளலாம்.

முந்தின நாள் முழுக்க லட்டு பிடித்தது கார்முகில்தான். லட்டில் தோஷம் இல்லையாம்.

கூடம் நிறைந்தது. ஸ்பீக்கரில் வயலின் கேட்டது. நல்ல சிஸ்டம் என்று இரண்டு பேர் மைக்செட்காரரைப் பாராட்டினார்கள். லக்னப் பத்திரிகை படிக்க ஐயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அப்போது வசந்தின் பெரியப்பா டில்லிபாபு, தம்பி மனைவியும் வசந்தின் அம்மாவுமான கோமதியம்மாளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அந்தக் கண்ஜாடைக்கு அவள் அர்த்தம் கேட்க வேண்டியதில்லை. புருஷன் போய்ப் பதினாறு வருஷமாக எல்லா விசேஷத்திலும் பார்த்ததுதான். எழுந்து உள்கட்டுக்குப் போனாள்.

வசந்தை இன்ஜினியர் ஆக்கியது அவள்தான். ஒரு கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவுவதில் தொடங்கி, பிறகு அடுப்படிக்கு ஏறி, ஓவர்டைம் கிடைத்த நாளெல்லாம் ஓவர்டைம் பார்த்து அவனைப் படிக்கவைத்தாள். அவனுக்குத் தட்டு மாற்ற மட்டும் அவள் கை ஆகாது. அதற்குப் பெரியப்பா பெரியம்மாவின் கைகள் வந்திருந்தன.

உள்கட்டில் எங்கே நிற்பது என்று தெரியாமல் பார்த்தவளுக்குத் தரையில் ஒயர் தெரிந்தது. அது போன வழியே போய் ஸ்டோர் ரூம் கதவைத் தள்ளினாள். கார்முகில் திடுக்கிட்டு வில்லை எடுத்து, மைக்கையும் அணைத்துவிட்டாள். வயலின் நின்றதும் கூடத்திலிருந்து ஐயரின் குரல் தெளிவாக வந்தது. ஸ்ரீபெரும்புதூர் காலஞ்சென்ற கண்ணப்பன் அவர்களின் குமாரன் சிரஞ்சீவி வசந்துக்கு என்று படித்தார். அதில் தாயின் பேர் இல்லை.

"நீயா வாசிக்கிற? ஏன் இங்க உக்காந்துக்கினு கீற?" என்று கேட்டாள் கோமதியம்மாள்.

"அத்த சொன்னாங்க. அம்மா அப்பா இல்லாதவ சபையில தெரியக் கூடாதாம்."

கோமதியம்மாள் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தாள். சிரிப்பு மாதிரி ஒன்று அவள் முகத்தில் வந்து போனது. "செத்துப்போன மனுசன் பேரு சபையில கீது. உசுரோட கீற நான் அரிசி மூட்ட மேல கீறேன்" என்றாள். பிறகு எழுந்தாள். "வா, வெளிய போலாம்."

"நீங்க இன்னைக்கே கெளம்பிடுவீங்கம்மா. நான் இங்கதான் இருக்கணும்."

கோமதியம்மாள் கதவில் கை வைத்தாள். "அது நெசந்தான். நான் போறேன். வரணும்னு தோணுச்சுன்னா வா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கூடத்தில் தட்டைக் கையில் எடுத்திருந்தார்கள். கோமதியம்மாள் நேராக நடந்து, ஜமுக்காளத்தின் நடுவில் போய் நின்று, "தட்ட எங்கிட்ட குடுங்க" என்றாள்.

டில்லிபாபு குரலைத் தாழ்த்தி, இத்தனை பேர் எதிரில் வேண்டாம், சாஸ்திரம் என்று ஒன்று இருக்கிறது என்றார். ஐயர் பத்திரிகையை மூக்குக்கு அருகில் கொண்டுபோனார். வசந்த் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"அப்ப எழுதுனத கிழிச்சிடுங்க. எம்புள்ளைக்கு எங்கையால பண்ண முடியாத காரியம் எனக்கு வாணாம். நாங்க கெளம்பறோம்."

முதலில் ஓடி வந்தது அலமுதான். முப்பது வருஷமாகக் கட்டிக் காத்த சாஸ்திரத்தை அவள் மூன்று விநாடியில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சம்மந்தியம்மாவின் கையைவிட ராசியான கை எது என்று கேட்டாள். பெரியம்மாவின் கையிலிருந்து தட்டைத் தானே வாங்கிக் கொடுத்தாள். பத்திரிகையில் தாயின் பேரையும் சேர்த்து இன்னொரு தடவை படிக்கும்படி ஐயரிடம் சொன்னதும் அவள்தான். ஐயர் தடங்கலில்லாமல் படித்தார். பேனாவால் ஒரு பேரைச் சேர்ப்பதற்கு எந்த சாஸ்திரமும் குறுக்கே வரவில்லை.

அந்த நேரத்தில்தான் கார்முகில் வந்தாள். வயலின் கையில் இருந்தது. நாளைக்கு இந்த வீட்டில் காபி கிடைக்குமா என்று ஒரு நினைப்பு ஓடியது. ஏரிக்கரைச் சுவரும் நினைவுக்கு வந்தது. எட்டு மாதமாக அது ஒன்றுதான் அவள் வாசிப்பதை முகத்துக்கு நேராகக் கேட்டது. கோமதியம்மாளுக்குப் பக்கத்தில் ஜமுக்காளத்தின் மேல் உட்கார்ந்து, மைக் இல்லாமல் வாசிக்கத் தொடங்கினாள். அலமு வாயைத் திறந்தாள். சம்மந்தியம்மாள் தலையாட்டி ரசிப்பதைக் கண்டு மூடிக்கொண்டாள்.

சாப்பாடு நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். வசந்த் கார்முகிலோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டான். எதிர்வீட்டுப் பெண் இரண்டு தடவை பாயசம் வாங்கினாள். வந்தவர்களிடமெல்லாம் அலமு, எங்க நாத்தனார் பொண்ணு, எங்க வீட்டுப் பொண்ணுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டு வேன் கிளம்பியது. அது தெருமுனை திரும்பியதும் அலமு உள்ளே வந்தாள். ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்து, மாவிலையால் தொட்டு, கார்முகில் உட்கார்ந்து வாசித்த இடத்தில் மூன்று தடவை தெளித்தாள். இளங்கோவன் நாற்காலியில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேவி மட்டும் அம்மாவைப் பார்த்தாள். வாசலில் பந்தல் பிரிப்பவர்களும், கோலத்தை மிதித்தபடி எதிர்வீட்டுப் பெண்ணும் நின்றிருந்தார்கள்.

கார்முகில் சுவரோரம் நின்று அந்த இலையைக் கவனித்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, கோபம் இல்லாமல் சொன்னாள்:

"அத்த, சம்மந்தியம்மா நின்னது இந்த எடம். இங்க தெளிக்காம விட்டுட்டீங்க."

அலமுவின் கை அப்படியே நின்றது. வாசலைப் பார்த்தாள். இந்தத் தெருவில் பாதிப் பேர் ஒரகடத்துக்குத்தான் வேலைக்குப் போகிறார்கள். இங்கே ஒரு சொட்டு விழுந்தால் அடுத்த ஷிப்டுக்குள் அங்கே மாப்பிள்ளை காதுக்குப் போய்விடும்.

"போதும், வீடெல்லாம் ஈரமாயிடும்" என்று சொல்லிவிட்டு அவள் சொம்பைக் கீழே வைத்தாள்.

கார்முகில் அந்த ஈரத்தின் மேலேயே உட்கார்ந்தாள். வாசல் கதவு திறந்தே இருந்தது. வயலினைத் தோளில் வைத்துச் சுருதி சேர்த்தாள்.