ஒரு விரல்கடைத் தூரம்

…ஒரு விரல்கடைகூட இல்லையே, இவ்வளவு பக்கந்தான் என்று செல்போனில் வரைபடத்தைத் திறந்து காட்டியது இந்தக் கைதானே, இதா அமெரிக்காக்காரன் பட்டாள முகாம், இதா உங்க முரளி தங்கப்போற எடம் என்று… சின்னுசாமி வலது கையை வேட்டி மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டார். மலையிறங்கும் பஸ் ஒரு கொண்டை ஊசி வளைவில் ஒடித்துத் திரும்பியது, எழுபதில் இன்னும் எத்தனை பாக்கி, மூன்று சீட்டுக்கு முன்னால் முரளியின் அம்மா சென்னம்மாளின் பின்னந்தலை, அவள் மட்டும் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் போதும்… மலைமேல் சோளக்காடு ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு உலக அரசியல் எதற்கு? விசா தாளை அச்சடித்துக் கொடுத்தோமா, வாயை மூடிக்கொண்டு இருந்தோமா என்று இருந்திருக்கலாம். "ஒத்தைப் புள்ளைங்கண்ணா, அங்க சண்டை கிண்டை வருமுங்களா?" என்று அவள் கேட்டாள், தெரியாது அம்மிணி என்றிருந்தால் குடியா முழுகிப்போயிருக்கும்? கடையில் நாலு பேர் நின்றார்கள், அதுதான், அந்த நாலு பேர்… ஈரானும் சவுதியும் ஆரு பெரியவன்னு எத்தனையோ வருசமா மொறைச்சிக்கிட்டுத் திரியறானுங்க, ஆனா நடுவுல அமெரிக்காக்காரன் உக்காந்திருக்கான் பாரு, அவன் இருக்கற பக்கம் ஒருத்தன் கல்லு உட மாட்டான் என்று அளந்துவிட்டார்… என்னவோ இவர்தான் அவனைக் கொண்டுபோய்க் கத்தாரில் உட்காரவைத்த மாதிரி. நேற்று அந்த முகாமின் மேலேயே ஈரான்காரன் ஏவுகணை விட்டிருக்கிறான், அடி வாங்கியவன் திருப்பி அடிக்காமல் சமாதானம் பேசுகிறான் என்று காலைச் செய்தியில் சொன்னார்கள். முரளியின் போன் நேற்றிலிருந்து அணைந்தே கிடக்கிறது.

நாமக்கல்லில் அவனை அனுப்பிவைத்த ஏஜெண்ட் ஆபீசில் விசாரிக்கத்தான் போகிறாள், நீங்க கூட வந்தாத் தகிரியமுங்கண்ணா என்று விடியற்காலையில் கடை வாசலில் வந்து நின்றாளே, ஒரு வார்த்தை ஏசியிருந்தால்கூடத் தேவலை… இப்போது பக்கத்து சீட்டுக்காரியிடம் என்ன சொல்கிறாள்? "சின்னுசாமியண்ணன் போன்லயே காட்டுனாருங்க, அமெரிக்காக்காரன் பக்கத்தாலயே இருக்கறானாமா, எம் பையனுக்கு ஒண்ணும் ஆவாதுங்க." ஐயோ, இவளுக்கு இன்னும் புரியவில்லை, அந்தப் பக்கம்தான் ஆபத்து என்று புரியவே இல்லை, சொல்லிவிடு, இப்போதாவது சொல்லிவிடு… அவள் திரும்பிவிட்டாள். "ஏனுங்கண்ணா, நெசந்தானுங்களே?" கண் வீங்கியிருந்தது, பஸ்ஸில் பாதிப் பேர் அவரைப் பார்த்தார்கள், மறுபடியும் அதே மாதிரி நாலு பேர்…

"ஆமா அம்மிணி" என்றார்.

வெட்கம் காது மடல்வரை சுட்டது. இரவெல்லாம் எட்டுக்கை அம்மனை வேண்டினோமே, அது போதாதா, என்ன வேண்டினோம்… தாயே, அந்த முகாமுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று. முகாமுக்கு, முரளிக்கு இல்லை. பாஸ்போர்ட் படத்துக்கு இரண்டு காதும் தெரியணும் சாமி என்று கடையில் முரளியின் தாடையைப் பிடித்துத் திருப்பினாரே, அந்தப் பையனின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றார், அடுத்த வளைவு வந்து போனது, அதற்கடுத்ததும், எவ்வளவு முயன்றும் வரைபடமும் அதன்மேல் தன் விரலும்தான் வந்தன.