கடைக்குட்டியின் வீடு

என் கொழுந்தன் அசில்பெக் ஓடிப்போனபோது அவனுக்குப் பதின்மூன்று வயது. அக்கா கல்யாண விருந்துக்கு அவன் வளர்த்த குதிரைக்குட்டியை மாமனார் அறுத்துவிட்டார். மறுநாள் காலை நரின் நகரத்துக்குப் போகிற லாரியில் ஏறியவன்தான்.

இந்த இலையுதிர் காலத்தில் நரைத்த மீசையோடு வந்து நின்றான், ஒரு லாரி நிறையத் தகரத்தோடு. நான் பசு கறந்துகொண்டிருந்தேன்.

"அண்ணி, அடையாளம் தெரியுதா?"

"தெரியாம என்ன? அதே விடைச்ச காது. வா, டீ குடி."

ரஷ்யாவில் கூரை போடுகிற வேலையாம். அப்பா தவறிப்போனதை அங்கே நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் சொன்னானாம். வீட்டைப் பற்றி அவன் சொல்லவில்லை போல.

"அப்பா வீட்டுக் கூரை ஒழுகுமே அண்ணி. அத மாத்திட்டு, இனிமே அங்கயே இருந்துடலாம்னு வந்தேன்."

என் கணவர் கானிபெக்கைக் கூப்பிட்டேன்.

எங்கள் வழக்கப்படி பெற்றோர் வீடு கடைசி மகனுக்குத்தான். மூத்தவர்கள் கல்யாணமானால் தனிக்குடித்தனம் போய்விட வேண்டும். நாங்களும் போனோம். இரண்டு அறையில் ஐந்து பிள்ளைகள். மாமியார் இறந்து மாமனார் தனியாகக் கிடந்தபோது, கூட வந்து இருக்கிறோம் என்று கானிபெக் கெஞ்சினார்.

"சின்னவன் அடுப்பாண்ட நீ உக்காந்துட்டா, அவன் வந்து எங்க உக்காருவான்?" என்றார் மாமனார்.

நான் தினமும் சூப்பைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தேன். அவர் போன பிறகு கானிபெக்கும் அதே பிடிவாதம். குடிபோகவில்லை, யாருக்கும் கொடுக்கவில்லை, வைக்கோல் போடக்கூட விடவில்லை. அடுப்பெரியாத மண்வீடு எத்தனை நாள் நிற்கும்?

மூவரும் போனோம். முழங்கால் உயரத்துக்கு மண்மேடு, மேலே புல். அசில்பெக் அண்ணன் பக்கம் திரும்பினான்.

"நீ வந்து இருந்திருக்கலாம்ல?"

"உன் வீட்டுல நான் எப்படிடா இருப்பேன்?"

"அதுக்கு மண்ணாப் போகட்டும்னு விட்டுட்டியா?"

"வருஷா வருஷம் நான்தான் ஏறிப் பனியத் தள்ளினேன். ஒரு வருஷம் இடுப்பு பிடிச்சுப் படுத்துட்டேன். அந்த வருஷம் கூரை எறங்கிடுச்சு."

அசில்பெக் ஒரு மூலையைக் காலால் தடவினான். "அம்மாவோட மாவுப்பெட்டி இங்க."

"அங்க ஜன்னல்டா."

"ஜன்னல் ஆத்தப் பாத்துல்ல இருந்துச்சு?"

"ரெண்டு பேரும் தப்பு," என்றேன். "மருமகளா வந்து இந்தத் தரையப் பெருக்கினவ நான். கேளுங்க."

ஒரு குச்சியால் புல்லைக் கீறிக் கோடு போட்டேன். ஜன்னல், அடுப்பு, மெத்தைகள் அடுக்கிய இடம், கடைசியில் வாசல். அண்ணனும் தம்பியும் அதற்கும் சண்டை போட்டார்கள், கொஞ்சம் சிரித்தார்கள். பிறகு அசில்பெக் வாசல் கோட்டுக்கு வந்தான்.

"தலையப் பாத்து," என்றார் கானிபெக்.

அந்த வாசல்நிலை தாழ்வு. பெரியவர்கள் எல்லோரும் குனிந்துதான் போவோம். ஓடிப்போன வயதில் அவன் நிமிர்ந்தே போவான். இப்போது வெறும் காற்றுக்குக் குனிந்து உள்ளே போய், அடுப்பு இருந்த இடத்துப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

கானிபெக் கோட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"உள்ள வாண்ணே," என்றான் அவன்.

அதற்கப்புறம்தான் அவரும் குனிந்தார்.