கருதப்படும் நபர்

மாலைச் செய்தி நேரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நாற்காலி போதாது. மாப்பிள்ளை உள்துறையின் செய்தித் தொடர்பாளர். என் மகளைக் கட்டியவர் நாட்டுக்கே பேசுகிறார் என்றால் அக்கம்பக்கத்தார் வந்து பார்ப்பதில் தப்பில்லை. நானே கூப்பிட்டு உட்கார வைப்பேன்.

சந்தையில் குண்டு வெடித்த அன்றும் அப்படித்தான். "பயங்கரவாதத்துடன் தொடர்புடையவராகக் கருதப்படும் நபர் ஒருவர் பாதுகாப்பு வளையத்துக்குள் கொண்டுவரப்பட்டுள்ளார். வெடிக்கும் தன்மையுடையவையாகக் கருதப்படும் பொருட்கள் அவரிடமிருந்து மீட்கப்பட்டன" என்று மாப்பிள்ளை தடுமாறாமல் வாசித்தார். பெயர் சொல்லவில்லை. விசாரணை முடியும்வரை பெயர் சொல்வதில்லை என்பது அவர்கள் வழக்கம். ஆனால் படம் காட்டினார்கள். இரண்டு காவலர்களுக்கு நடுவே ஒரு நீலச் சட்டைக்காரன் நடந்து போனான். முகத்தை மட்டும் மறைத்திருந்தார்கள்.

எதிர்வீட்டுத் தையல்காரர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். "ஐயா, இது உங்க தம்பி மகன் நடை மாதிரி இல்ல?"

இடது காலைச் சற்றே வீசி வைக்கும் நடை. என் அப்பாவுக்கு இருந்தது, எனக்கும் உண்டு. கூடத்தில் யாரும் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

தம்பி மகன் லிஃப்ட் மெக்கானிக். குண்டு வெடித்ததில் கரண்ட் போய், சந்தைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்துவிட்டுப் படியிறங்கும்போது பிடித்திருக்கிறார்கள். பையில் இருந்தவை ஒயர், கிரீஸ் டப்பா, பிரேக் ஸ்பிரிங். விசாரித்துவிட்டு, குற்றம் எதுவும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அதை மாப்பிள்ளை வாசிக்கவில்லை. பிடித்ததுதான் செய்தி போலும்.

அதன்பின் எந்தக் கட்டடத்திலும் அவனை உள்ளே விடவில்லை. வேறு ஆளை ஏற்பாடு செய்துவிட்டோம் என்று கேட்டிலேயே சொல்லி அனுப்பினார்கள்.

நான் மகள் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"அவன் உங்க மச்சான்."

"அப்போ தெரியாது மாமா. என் கைக்கு வந்த தாள்ல பேரே இல்ல. அதுவுமில்லாம, பயங்கரவாதின்னு நாங்க சொல்லவே இல்லையே. கருதப்படும் நபர்னுதானே..."

"யாரு கருதினது?"

"துறைதான் மாமா."

"துறையில எந்த ஆளு? நேர்ல போய்க் கேட்டுக்கறேன்."

சமையலறையிலிருந்து மகள்தான் பேசினாள். "அவரை விடுங்கப்பா. உப்பு கூடிப்போனாக்கூட, கூடியிருக்கலாம்னு கருதப்படுதுன்னுதான் வீட்லயே சொல்றாரு."

"திருத்தம் வாசிங்க மாப்பிள்ளை."

"எங்க ஆபீஸ்ல திருத்தம்னு ஒண்ணு கிடையாது மாமா. ஒண்ணைத் திருத்தினா மத்ததையும் ஜனங்க நம்பமாட்டாங்கன்னு சொல்வாங்க. வேணும்னா கட்டடக்காரங்ககிட்ட நான் தனியா பேசறேன்."

"ஊரறியப் பூசின கரியை ஒவ்வொருத்தர் காதுலயா போய்த் துடைப்பீங்க? எந்த வாய் சொல்லிச்சோ அந்த வாய் அதே இடத்துல நின்னு சொல்லணும். அதுவரைக்கும் என் வீட்டு வாசப்படி ஏறாதீங்க."

"என் வேலை போயிடும் மாமா."

"அவனுக்குப் போயிடுச்சு."

மறுநாள் தம்பி தன் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தான். "அண்ணே, விட்டுடுங்க. மறுபடி டிவியில வந்தா மறந்தவனுக்கும் ஞாபகம் வந்துடும்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மாப்பிள்ளையின் சோறும் என் வீட்டுச் சோறுதான். ஆனால் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு தம்பி மகன் நடந்து போவதைப் பார்த்தேன். இடது காலை வீசாமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தான். சொன்ன சொல்லை நான் மாற்றவில்லை.

அடுத்த வாரம் வேறொரு ஊரில் வேறொரு தாக்குதல். மாப்பிள்ளை வாசித்தார். கூடத்தில் நானும் தையல்காரரும்தான். வாசித்து முடித்த தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மாப்பிள்ளை கேமராவைப் பார்த்தார்.

"சந்தைச் சம்பவத்தின்போது கருதப்படும் நபர் என்று நான் இங்கே சொன்னவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். அன்று அவர் ஆட்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் சொன்னது தவறு. அவர்... அவர் என் மைத்துனர்."

முதல் தடவையாகத் தடுமாறினார்.

மறுநாள் அதே இடத்தில் ஒரு பெண் அதிகாரி நின்றார். "நேற்றுத் தெரிவிக்கப்பட்டது அந்த அலுவலரின் தனிப்பட்ட கருத்தாகும். நிர்வாகக் காரணங்களுக்காக அவர் வேறு பணிக்கு மாற்றப்பட்டுள்ளார்."

தையல்காரர் என் பக்கம் திரும்பினார். "அப்போ மொதல்ல சொன்னது யாரோட கருத்துங்க ஐயா?"

"துறையோடது," என்றேன்.

இதுவரை ஒரே ஒரு கட்டடத்திலிருந்து தம்பி மகனுக்கு அழைப்பு வந்திருக்கிறது. மற்றவர்கள் இன்னும் கருதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மகளோடு மாப்பிள்ளை வந்தார். வாசப்படிக்குக் கீழேயே நின்றுவிட்டார். வயதில் சிறியவர்களுக்கு நான் எழுந்து நிற்பதில்லை. அன்று எழுந்து நின்றேன்.

"உள்ள வாங்க மாப்பிள்ளை," என்று சொல்லி, நாற்காலியை நானே இழுத்துப் போட்டேன்.