கிளைடர் திடல் பற்றிய அறிக்கை

சுதந்திரம் கிடைத்த மறு வருஷம், செங் என்ற ஊருக்குப் பக்கத்து விமானத் திடலை என்ன செய்வது என்று முடிவெடுக்க நில அலுவலக அதிகாரி கலியாணசுந்தரம் வந்தார். முடிவை எடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார். நேரில் பார்த்ததாக அறிக்கையில் எழுத வேண்டியிருந்தது.

பார்க்க அங்கே இருந்தவை இரண்டு கிளைடர் விமானங்கள், அவற்றைக் கம்பி கட்டி இழுக்கும் வின்ச் எந்திரம், அதை ஓட்டும் மருதமுத்து, பயிற்சியாளர் சிஹாபுதீன். வெள்ளைக்காரர்கள் கப்பலேறியபோது இவற்றை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. நிறுத்தச் சொல்லிக் கடிதமும் வராததால், மருதமுத்து சனிக்கிழமைதோறும் காஜா பெராங்கில் இருக்கும் தன் வீட்டிலிருந்து சைக்கிளில் வந்து, பயிற்சிக்கு வரும் பிள்ளைகளை வழக்கம்போல் மேலே ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார்.

"பெட்ரோல் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார் கலியாணசுந்தரம்.

"கிளைடருக்கு எஞ்சினே கிடையாதுங்கய்யா. நான் இழுத்துவிட்டா மேலே போயிரும்."

"போய்?"

"இங்கேயே திரும்பி வந்துரும்."

'போக்குவரத்துக்கு உதவாது' என்று கலியாணசுந்தரம் குறித்துக்கொண்டார்.

வாதாட மருதமுத்துவுக்கு வராது. "ஒரு தடவை ஏறிப் பாருங்கய்யா. ஆறு நிமிஷந்தான்," என்றார்.

அதையும் அறிக்கையில் சேர்க்கலாம் என்று கலியாணசுந்தரம் தொப்பியைக் கழற்றி மருதமுத்துவிடம் கொடுத்துவிட்டு, பயிற்சியாளர் சிஹாபுதீனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அன்று நல்ல வெயில். தரையிலிருந்து எழும்பிய சூடான காற்று கிளைடரைத் தூக்கிக்கொண்டே போனது. ஆறு நிமிஷம் நாற்பதானது. அரசாங்க அதிகாரியைத் தொலைத்துவிட்டால் எந்த இலாகாவிலிருந்து கடிதம் வரும் என்று யோசித்தபடி, மருதமுத்து தொப்பியோடு அண்ணாந்து நின்றார்.

கலியாணசுந்தரம் இறங்கி, கசங்கிய சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மேலே சத்தமே இல்லை," என்றார்.

"எஞ்சின் இல்லைங்களே."

"என் வீடு தெரிந்தது. என் சட்டையைப் பக்கத்து வீட்டு வேலியில் காயப்போட்டிருக்கிறார்கள்."

தொப்பியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மூன்று வாரத்தில் அறிக்கை வந்தது. திடலை மூடி வீடுகள் கட்டலாம் என்றிருந்தது. மருதமுத்து அதை இரண்டு முறை படித்தார். கடைசியில் ஒரு வரி: 'மேல் உத்தரவு வரும்வரை தற்போதைய பயன்பாடு தொடரலாம்.' அந்த உத்தரவைப் போட வேண்டியவர் கலியாணசுந்தரம்தான்.

அடுத்த சனிக்கிழமை அவரே வந்தார். "விஷயம் பரிசீலனையில் இருக்கிறது," என்று சொல்லிவிட்டுக் கிளைடரில் ஏறினார்.

மூன்று வருஷம் பரிசீலித்தார். அதற்குள் பதினோரு பிள்ளைகள் தனியாகப் பறந்துவிட்டார்கள். அவர்களில் தையல்கடைக்காரர் மகள் கோகிலாவும் ஒருத்தி. பிறகு கலியாணசுந்தரத்தை ஜொகூருக்கு மாற்றினார்கள். அடுத்து வந்தவர் ஒரே வாரத்தில் உத்தரவைப் போட்டார்.

கிளைடர்களைப் பிரித்து லாரியில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பினார்கள். வின்ச்சை மரம் இழுக்க ஓர் ஆலை வாங்கியது. ஓட்டத் தெரிந்தவர் வேண்டுமென்று மருதமுத்துவையும் சேர்த்துக்கொண்டது. முதல் மாதம் முழுக்க, ஒவ்வொரு கட்டையை இழுத்து முடித்ததும் அவர் அண்ணாந்து பார்த்தார். அப்புறம் அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று.